பரணில் நடந்தவள்

"மூடுங்க மேடம். இப்பவே மூடுங்க, நான் சொல்லுதது..."

"மூடினா மலைக்கு யாரு காது கொடுக்கறது? நீ போய் உக்காந்து கேப்பியா?"

"நான் மலையைப் பத்திப் பேசல, அந்தப் புள்ளையப் பத்தி..."

"நானும் அவளைப் பத்தித்தான் பேசறேன்! அவ இருக்கறதும் அதே மலைலதானே, சூசை?"

"இருக்கா. பொழுது சாயுத வரைக்கும் இருப்பாளாங்கதுதான் என் கேள்வி."

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்ற சூசைராஜின் கையில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கூட்டமைப்பின் அலுவலகத்தில் இவர்கள் இருவர்தான். கோவையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைப் பக்கம் மட்டும் வானம் கரியைப் பூசினாற்போல் கிடந்தது.

"முதல்லேருந்து சொல்லு. கத்தாம சொல்லு."

"நீங்கதான் கத்துனீய."

"சரி, நான்தான் கத்தினேன். சொல்லு."

"பரண்ல நேத்துலேருந்து புதுசா ஒரு கட்டம் ஓடுது. பேரு 'நடை'."

பரண் என்பது அவர்கள் வைத்த செல்லப் பெயர். ஊருக்குள் இன்டர்நெட்டுக்குக் கண்ணாடிக் கம்பி இழுத்தவர்கள் பலர். பெரிய கம்பெனிகள், நகராட்சிகள், கேபிள்காரர்கள், எஸ்டேட் தொழிலாளர் சங்கங்கள். ஒவ்வொருவரும் தங்கள் கம்பியில் தகவல் எத்தனை வேகமாய்ப் போகிறது, எங்கே பிந்துகிறது, எங்கே தொலைகிறது என்று அளப்பார்கள். ஒருவர் அளந்தது இன்னொருவருக்குப் புரியாத காலம் ஒன்று இருந்தது. பிறகு எல்லோரும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள்; மரகதவல்லி தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவான ஓர் அமைப்பை, 'களம்' என்ற பெயரில், எழுதியது. யார் அளந்தது, எப்போது, எங்கே, எவ்வளவு: இவற்றை மட்டும் கட்டாயம் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு திறந்த இடம். தேவைப்பட்டவர் தேவைப்பட்ட கட்டத்தைத் தானே பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதுதான் பரண். அதற்கு ஒரே ஒரு விதி. உனக்குப் புரியாத கட்டம் வந்தால் தூக்கி எறியாதே, வந்தது வந்தபடி அடுத்தவருக்குக் கடத்து. இன்றைக்கு உனக்குப் புரியாதது நாளைக்கு வேறொருவர் உயிரைக் காப்பாற்றலாம். இந்த வாசகத்தை எழுதியவள் மரகதவல்லி. உறுப்பினர் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு வரும்.

காப்பாற்றவும் செய்தது. ஆனைக்கல் எஸ்டேட்டின் தொழிலாளர் சங்கக் கம்பியைப் பார்த்துக்கொள்ளும் தர்ஷினி என்ற பெண், பரணில் 'நடுக்கம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தாள். மண் அசைந்தால் கம்பி அசையும், கம்பி அசைந்தால் உள்ளே ஓடும் வெளிச்சம் முடியளவு பிந்தும். அந்தப் பிந்தலை அவள் அனுப்பினாள். போன மழைக்கு மலைச்சரிவு வந்தபோது, வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கு முன்பே கீழே தேயிலை ஃபேக்டரி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் கோழியோடும் டிவியோடும்.

"மண்ணு அசைஞ்சா மட்டுமா மேடம் கம்பி அசையும்?" என்றான் சூசை. "மேல மனுசன் நடந்தாலும் அசையும்லா. ஒவ்வொருத்தர் நடையும் ஒவ்வொரு தினுசு. இந்தத் தர்ஷினிப் புள்ளைக்குச் சின்ன வயசுல பைக்ல விழுந்து இடது கால் கொஞ்சம் குட்டை. தட்டு, இழு. தட்டு, இழு. தபேலா மாதிரி தனியாக் கேக்கும். கீழ அவ பொறந்த ஊர்த் தெருக் கம்பியில பழைய நடை கிடக்கு. அதை எடுத்து எவனோ 'நடை'ன்னு பரண்ல போட்டு, இது மாதிரி நடை எங்கெல்லாம் வருதுன்னு கேட்டுக்கிட்டிருக்கான். நம்ம ஆளுக எல்லாரும் விதிப்படி கடத்திக்கிட்டிருக்காவ. நேத்து மூணு இடம் வந்துச்சு. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு."

"ஆனைக்கல்."

"ஆனைக்கல்."

"எவனோன்னா எவன்?"

"அந்தக் கட்டம் வார கம்பெனியில நவநீதன்னு ஒரு இன்ஜினியர். அவ அண்ணன்."

மரகதவல்லிக்கு அந்த அண்ணனைப் பற்றித் தெரியும். போன மழைக்குப் பிறகு தர்ஷினியைப் பாராட்டிக் கூட்டத்துக்கு அழைத்தபோது, அவள் மேடை ஏற மறுத்துவிட்டாள். போட்டோ வேண்டாம் என்றாள். ஏன் என்று தனியாகக் கேட்டதற்கு, டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எஸ்டேட் ஜீப் ஓட்டும் ஜெபராஜைக் கல்யாணம் செய்துகொண்டதை வீட்டில் ஒப்பவில்லை. ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே பேசித் தீர்த்து வைக்கிறோம் என்று அப்பாவோடு அனுப்பிவைத்தார்கள். அன்று இரவு சோற்றில் எதையோ கலந்ததை அம்மாவே காட்டிக்கொடுத்துத் தப்ப வைத்தாள். "அண்ணன் நல்லவன்தானுங்க மேடம். அவன்தானுங்க கலந்தது" என்றாள்.

"அவன் லாகினை வெட்டு" என்றாள் மரகதவல்லி.

"வெட்டிட்டு? நாம கொடுக்காட்டா பக்கத்து உறுப்பினர் கொடுப்பாரு. எல்லார்கிட்டயும் எல்லாம் இருக்கு. கடத்து, கடத்துன்னு நீங்கதான எழுதுனீய?"

"ஒரு குறி போடுவோம். 'நடுக்கம்' கட்டத்தை யாரும் வெளியே காட்டக் கூடாதுன்னு."

"அந்தக் குறியும் பரண்லதான் ஏறும். அது என்னன்னு புரியாதவன் என்ன செய்வான்? அதையும் சேர்த்துக் கடத்துவான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நிமிஷத்துக்கு ஒரு சராசரின்னு மழுக்கி அனுப்பினா? காலடி தெரியாதே."

"காலடியும் தெரியாது, பாறை விடுத வெடிப்பும் தெரியாது. அது ஒரு சொடக்குல முடிஞ்சு போற சத்தம். அதுதான் மொத அறிகுறி. மழுக்கிட்டோம்னா மண்ணு கிளம்புன பொறவுதான் நமக்குத் தெரியும்." சூசை பொட்டலத்தை மேஜையில் வைத்தான். "அதான் சொல்லுதேன். அந்த 'நடுக்கம்' கட்டத்தையே மூடிருங்க. மலையை மலை பாத்துக்கிடட்டும்."

"இரு. அவகிட்ட கேக்காம நாம யாரு முடிவு பண்ண?"

தர்ஷினி முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் மழை இரைந்தது.

"சொல்லுங்க மேடம். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, தகரத்து மேல அடிக்குதுங்க."

மரகதவல்லி சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். 

"தெரியுமுங்க" என்றாள் தர்ஷினி.

"என்ன தெரியும்?"

"அதுல என்ர நடையும் போகுமுன்னு. கட்டத்தைச் சேர்க்கறப்பவே தெரியுமுங்க. மழுக்கி அனுப்பிப் பாத்தனுங்க, மலை கேக்கலீங்க. அப்பறம் மழுக்காம அனுப்பினனுங்க."

"தெரிஞ்சேவா செஞ்ச? பைத்தியமா உனக்கு?"

"இங்க அறுபது வீடுங்க. எங்க மாமியார் வீடும் சேர்த்து. எனக்கு ஒரு நடைதானுங்களே."

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்த வீட்டை விட்டுக் கிளம்பு" என்றாள் மரகதவல்லி. "ஜெபராஜை ஜீப்பை எடுக்கச் சொல்லு."

"அவரு தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாருங்க. பாலத்து மேல தண்ணி போகுது. பெரியாளுங்க கையைப் புடிச்சுக்கிட்டுத் தாண்டலாமுங்க. ஜீப் வராது."

"வேற வழி?"

"வழி முச்சூடும் கம்பிதானுங்க மேடம். நானேதான் இழுத்தேன். எந்தப் பக்கம் நடந்தாலும் அண்ணனுக்குச் சொல்லிட்டே போகுமுங்க." லேசாகச் சிரித்தாள். "அந்த நடுக்கத்தை மூடிராதீங்க. காலைலருந்து ரெண்டு மூணு சொடக்கு கேட்டுருச்சு. சின்னதுதானுங்க. ஆனா இன்னைக்கு மூடுனா நல்லாருக்காது."

ஃபோனை வைத்தபோது சூசை தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"மேடம், இங்க வாங்க. நவநீதன் கம்பெனி அளவு வண்டி ஒண்ணு ஓடுது. போற வழியெல்லாம் சிக்னலை அளந்து அனுப்புத வண்டி. 'எங்கே'ங்கது கட்டாயக் கட்டம்லா? அவன் மறைக்க முடியாது. பாருங்க."

திரையில் ஒரு புள்ளி. சற்று நேரத்துக்கு முன் மலையடிவார செக்போஸ்ட். இப்போது மலைப் பாதையின் இரண்டாவது கொண்டை ஊசி வளைவு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூன்றாவதுக்கு நகர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை மழைல எவன்டா சிக்னல் அளக்கப் போறான்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

"போலீஸ்?"

"எந்தப் போலீஸ் மேடம்? பேசித் தீர்த்து வச்சாவளே, அவியளா?"

 சூசை நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான், அந்தக் காலி அலுவலகத்தில் கேட்க யாருமே இல்லாதபோதும்.

"ஒரு வழி இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது."

"சொல்லித் தொலை."

"அவ நடையை நம்மகிட்ட இருக்க எல்லாக் கம்பியிலயும் நடக்க விட்டிருவோம்."

"புரியல."

"காலைல அவ நடந்தது பதிவு இருக்கு. அதை எடுத்து, இப்ப அளந்த மாதிரி நேரத்தைப் போட்டு, திருப்பூர்த் தெருல, மதுரைல, எங்க மணப்பாட்டுக் கடக்கரைல, எல்லா உறுப்பினர் பேர்லயும் பரண்ல 'நடுக்கம்' கட்டத்துல ஏத்துதேன். சுத்திச் சுத்தி ஓடும், நெச அளவு அதுக்கு அடியில அமுங்கிரும். அவன் கேட்டான்னா, உன் தங்கச்சி எழுவது ஊர்ல நடக்காடான்னு பதில் வரும்."

"பொய்யா அளவு போடச் சொல்ற."

"ஆமா."

"என் களத்துல."

"உங்க களத்துலதான்."

"சூசை, இதுல இன்னிக்கு வரைக்கும் யாரும் பொய் எழுதினதில்ல. தப்பா அளந்திருக்காங்க, சோம்பேறித்தனமா அளந்திருக்காங்க. பொய் இல்ல. எனக்கு ஒரு நாள் ஆட்சியர் ஆபீஸ்லேருந்து ஃபோன் வந்தது, தெரியுமா? சைரன் அடிக்கலாமான்னு. நான் 'அளவு சொல்லுது, அடிங்க'ன்னு சொன்னேன். ஒரு கேள்வி கேக்காம அடிச்சாங்க. ஏன்? யாரும் இதுல பொய் போட மாட்டாங்கன்னு."

"நாலாவது வளைவு" என்றான் சூசை.

"குறுக்க பேசாத. ஒரு பொய் உள்ள போனா அப்பறம் எதை நம்பறது?"

"அப்ப வேற வழி சொல்லுங்க. நான் கேக்கேன். சொல்லுங்க மேடம்."

அவள் எழுந்து ஜன்னல்வரை போனாள். கீழே சாலையில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள்.

"மலையைச் சுத்தி இருக்கற மத்த ரெண்டு கம்பிலயும் போடப் போறியா?"

அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனைக்கல்லின் கம்பி மட்டும் பேசினால், அசைந்தது மலையா, பாதையில் போன லாரியா என்று சொல்ல முடியாது. மலையின் மறுபக்கம் ஒரு கேபிள்காரரின் கம்பியும், அடிவாரத்தில் ஒரு நகராட்சிக் கம்பியும் போகின்றன. மூன்றும் ஒரே சமயத்தில் சொன்னால்தான் அது மலை. பகிர்ந்துகொண்டதால் மட்டுமே கிடைத்த காது அது.

"அந்த ரெண்டையும் விட்டா, மத்த எல்லா இடத்துலயும் நடந்துட்டு அங்க மட்டும் நடக்கலன்னு ஆயிரும்" என்றான் சூசை. "வட்டம் போட்டுக் காட்டுன மாதிரி. போட்டாத்தான் மேடம்."

"காலைல அவ நடந்தப்போ அடில அந்தச் சொடக்கும் இருக்குமே?"

"இருக்கும். அதைப் பிரிச்சு எடுக்க அரை மணி வேணும்." திரையைக் காட்டினான். "எஸ்டேட் கேட்டுக்கு இன்னும் ரெண்டு வளைவு. பிரிக்கட்டுமா?"

மரகதவல்லி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அது நகரும்போது சத்தமே இல்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படியே போடு" என்றாள்.

சூசை போட்டான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, 'நடை' கட்டத்தில் பதில்கள் விழத் தொடங்கின. திருப்பூர். மதுரை. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சென்னையில் ஒரு மேம்பாலத்தின் அடி. ஆனைக்கல்லில் ஒரு பெண், இடது காலைச் சற்றே இழுத்து, சமையலறையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை காலையில் நடந்த நடை, தமிழ்நாடு முழுவதும் நடந்தது. உறுப்பினர்கள் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. புரியாததால் எல்லோரும் ஒழுங்காகக் கடத்தினார்கள்.

புள்ளி நின்றது.

"நிக்கான்" என்றான் சூசை.

"மூச்சு விடு."

"நீங்க விடுங்க மொதல்ல."

மேஜையிலிருந்த அலுவலக ஃபோன் அடித்தது. உறுப்பினர்கள் குறை சொல்ல அழைக்கும் எண். மரகதவல்லி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கமுங்க. நவநீதன் பேசறனுங்க. மரகதவல்லி மேடத்துக்கிட்டப் பேசலாமுங்களா?"

"நான்தான் பேசறேன்."

"நீங்களே எடுத்தீங்களா! ஞாயித்துக்கிழமையும் வேலைங்களா மேடம்? உங்க வகுப்புக்கு ஒருக்கா வந்திருக்கனுங்க. பரண் விதி பத்திப் பேசினீங்க. இன்னும் ஞாபகம் இருக்குதுங்க."

குரல் மிக மரியாதையாக இருந்தது. பின்னால் வைப்பர் அடித்துக்கொள்ளும் ஓசை. இன்னும் இரண்டு பேர் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விஷயம் சொல்லுங்க."

"ஒரு சின்ன டவுட்டுங்க. 'நடை'ன்னு ஒரு கட்டம் நான்தான் ஓட்டறனுங்க. ஒரு ஆராய்ச்சிக்காக. காலைல ஒரு இடம் காட்டுச்சு, இப்ப எழுவது இடம் காட்டுதுங்க. ஒருத்தர் எழுவது இடத்துல எப்படீங்க நடப்பாங்க?"

"நடை எல்லாருக்கும் தனின்னு யார் சொன்னது? காலை இழுத்து நடக்கறவங்க ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. சூசை இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எதிர்முனையில் வைப்பர் ஓசை ஒருமுறை போய், ஒருமுறை வந்தது.

"நான் காலை இழுக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே மேடம்."

"உங்க கட்டத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் படிக்கத் தெரியும் தம்பி."

"ஆமாங்க. நீங்க எழுதுனதுதானே."  பிறகு வேறு குரலில் சொன்னான். "என்ர தங்கச்சிங்க. மூணு வருசமாச்சு. எங்கம்மா ராத்திரில எந்திரிச்சு வாசல்ல உக்காந்துக்குதுங்க. ஒருக்கா பாத்துட்டு வந்தர்றனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

மரகதவல்லிக்கு ஒரு கணம் அவனை நம்பத் தோன்றியது. அந்தக் குரலில் இருந்தது பொய் மாதிரி இல்லை. சோற்றில் கலந்த அன்றும் இதே குரலில்தான் 'சாப்பிடு கண்ணு' என்று சொல்லியிருப்பான் என்ற நினைவு உடனே வந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றான் நவநீதன். "இந்த எழுவதும் நெசமா அளந்ததுதானுங்களா? நீங்க சொன்னா நான் நம்பிக்கறனுங்க. வேற ஆரு சொன்னாலும் நம்ப மாட்டனுங்க."

சூசை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"களத்துல வர்றது எல்லாம் அளந்ததுதான்" என்றாள் மரகதவல்லி. "பொய் எழுதற பழக்கம் இங்க கிடையாது."

"சரீங்க மேடம். ரொம்ப நன்றிங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

ஃபோன் வைக்கப்பட்டது. புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. யாரோ யாரோடோ வண்டிக்குள் வாதாடுகிறார்கள் என்று மரகதவல்லி நினைத்துக்கொண்டாள். பிறகு அது மெல்லத் திரும்பியது. ஐந்தாவது வளைவிலிருந்து நாலாவதுக்கு. நாலிலிருந்து மூன்றுக்கு.

"இறங்குதான்!" சூசை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "இறங்குதான் மேடம்! எப்பா! காலை இழுக்கறவங்கன்னு நீங்க சொன்னப்ப எனக்கு ஈரக்கொலையே அத்துருச்சு."

"எனக்கு மட்டும் என்ன, பூமாலையா விழுந்தது? அந்தச் சோத்தைத் தின்னு முதல்ல, ஆறிப்போச்சு."

"நீங்களும் ஒரு வாய் வாங்குங்க."

அவள் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். புளியோதரை.  

"அடிவாரம் தாண்டினதும் எல்லாத்தையும் கழட்டிரு" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். பாதி வழியில திரும்ப ஒருக்கா பாப்பான்."

அப்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. 'நடுக்கம்.' ஆனைக்கல், மறுபக்கத்துக் கேபிள்காரர், அடிவாரத்து நகராட்சி. மூன்றும் ஒன்றாக.

இருவரும் மெல்வதை நிறுத்தினார்கள்.

"அது நம்மளது" என்றான் சூசை. "காலைல உள்ள சொடக்கு. சுத்தி வந்திருக்கு. பாருங்க, திருப்பூர்லயும் வருது. மதுரைலயும் வருது. மதுரைல எங்க மலை சரியுது?"

"மத்த ரெண்டும் நம்மளது. ஆனைக்கல்?"

அவன் திரையை நெருங்கிப் பார்த்தான். ஆனைக்கல்லில் அவன் எதையும் ஏற்றவில்லை. அங்கே தர்ஷினி நிஜமாகவே நடந்துகொண்டிருந்தாள்.

"லாரியா இருக்கலாம்" என்றான்.

"பாலத்துல தண்ணி போறப்போ எந்த லாரிடா அந்தப் பக்கம்?"

"இல்லன்னா மரம் விழுந்திருக்கலாம். ஒரு கம்பி மட்டும் சொன்னா நமக்கெப்படித் தெரியும்? மத்த ரெண்டும்..."  மற்ற இரண்டின் வாயையும் பொத்தி வைத்தது யார் என்று அவனே சொல்ல வேண்டியதில்லை.

"கழட்டு. இப்பவே கழட்டு."

"கழட்டுதேன். ஆனா கடத்துனவன் கடத்திக்கிட்டேதான் இருப்பான். ஒருத்தன்கிட்டருந்து ஒருத்தன்... அது அடங்கணும் மேடம். நெச அளவு மேல வார வரைக்கும்..."

"கேபிள்காரருக்கு ஃபோன் போடு. அவர் பெட்டியைப் பார்த்து வாயால சொல்லட்டும்."

அவன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நகராட்சியில் ஒரு காவலாளி எடுத்து, கரண்ட் இல்லை, சார் எல்லாம் நாளைக்குத்தான் வருவாங்க என்றார்.

ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையை மரகதவல்லியே அழைத்தாள். அங்கிருந்த ஆள் அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே சிரித்தார். "பாத்தோம் மேடம், மெரினால மலைச்சரிவுன்னு காட்டுது உங்க மெஷின். ரிப்பேரா? அந்தக் கட்டத்தையே இப்போதைக்கு நிறுத்தி வச்சிட்டோம். நாளைக்குச் சரி பண்ணிச் சொல்லுங்க." அவள் "இல்லை, ஆனைக்கல் மட்டும்..." என்று தொடங்கினாள். அவர் யாரையோ அழைத்து இன்னொரு இணைப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. தர்ஷினி.

"மேடம், அண்ணன் வண்டி திரும்பிடுச்சாமுங்க. கீழ டீக்கடைல பாத்தவங்க சொன்னாங்க. என்ன பண்ணீங்க?"

"தர்ஷினி, கேளு..."

"கையெடுத்துக் கும்பிடறனுங்க. என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க, எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லணுமுங்க."

"உன் நடையை எல்லாக் கம்பிலயும் போட்டோம். காலைல பதிவானதை. எழுபது ஊர்ல."

மழை. யாரோ ஒரு குழந்தையை அதட்டும் குரல். கதவு தட்டப்படும் சத்தம், ஒன்றல்ல, பல கைகள்.

"எங்க மலையைச் சுத்தி இருக்கற ரெண்டு கம்பிலயுமுங்களா?"

"ஆமாம்."

அடுத்து அவள் பேசியபோது, வேலை செய்கிறவள் வேலையைப் பற்றிப் பேசும் குரலாக அது மாறியிருந்தது.

"மேடம், என்ர திரைல மூணு கம்பியும் சிவப்பாக் காட்டுதுங்க. ஜனமெல்லாம் வாசல்ல வந்து நிக்குது. எங்க மாமியார் ஆளுகளைக் கூப்பிட்டுட்டு வந்துருச்சுங்க. சைரன் என்ர கைலதான் இருக்குது. அடிச்சா எல்லாரும் பாலத்தைத் தாண்டோணுமுங்க. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு, கைக்குழந்தை மட்டும் பன்னெண்டு இருக்குதுங்க. சும்மா அடிச்சு எறக்குனன்னா நாலு பேராச்சும் ஆத்தோட போயிருவாங்க. அடிக்காம விட்டு மலை வந்துச்சுன்னா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"தர்ஷினி..."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. போன தடவையும் நீங்க சொல்லித்தானுங்களே அடிச்சாங்க."

சூசை இன்னமும் கேபிள்காரரின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். திரையில் மூன்று கோடுகளும் ஒன்றுபோல் உயர்ந்தன, ஒன்றுபோல் தாழ்ந்தன. மரகதவல்லி அவற்றை மாறி மாறிப் பார்த்தாள். எழுதும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். எது உண்மை என்று சொல்ல ஒரு கட்டமும் அவள் வைக்கவில்லை. தேவைப்படும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

"மேடம், கேக்குதுங்களா? கீழ என்னமோ இப்ப லேசா ஆடுதுங்க. கதவைத் தட்டறாங்களே, அதுவான்னும் தெரியலீங்க. சீக்கிரம் சொல்லுங்க மேடம். இந்த நடுக்கம் மலையோடதுங்களா, என்னோடதுங்களா?"